கோட்டின் மேல் ஒரு வினைச்சொல்

முனைவர் பட்டத்துக்கு நான் முதலில் வைத்த தலைப்பு ‘தமிழகக் கண்மாய்கள்: அழிவும் மீட்பும் – ஓர் ஆய்வு’. கண்மாய் என்பது எங்கள் பக்கம் பாசன ஏரிக்கு வழங்கும் பெயர். பதினொரு மாதம் அந்தத் தலைப்போடு இருந்தேன். இரும்பு அலமாரியில் இரண்டு தட்டு நிறைய நகல்கள் சேர்ந்துவிட்டன. 1858-ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டம், ஊரார் தாங்களே கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்து பற்றிய அரசாணைகள், சீமைக்கருவேலம் தொடர்பான நீதிமன்றச் செய்திகள், பெரியாறு அணையின் வரலாறு, பருவமும் பயிரும் பற்றிய அரசு அறிக்கைகள் எல்லாம் அதில் இருந்தன.

ஆய்வுக்குழுவின் முன் முக்கால் மணி நேரம் பேசினேன். முடித்ததும் மூத்த பேராசிரியர் ஒருவர் கேட்டார். “எல்லாத்தையும் சொல்லிட்டீங்கம்மா. இதுல நீங்க கண்டுபிடிக்கப் போறது எது?”

அவர் அக்கறையோடுதான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. தலைப்பைச் சுருக்கிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினார்கள்.

ஆய்வு மாணவர்கள் எல்லாருமே ஒருமுறையாவது இதைக் கேட்டிருப்பார்கள்: “தலைப்பைச் சுருக்குங்க.” எப்படிச் சுருக்குவது என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. அதனால் நாமாக ஒரு வழியைப் பிடித்துக்கொள்கிறோம். தமிழகத்தை மாவட்டமாக்குகிறோம், மாவட்டத்தை வட்டமாக்குகிறோம், நூறு ஆண்டை முப்பது ஆண்டாக்குகிறோம். நானும் ‘சிவகங்கை மாவட்டக் கண்மாய்கள்: அழிவும் மீட்பும்’ என்று மாற்றி எழுதினேன். பரப்பு குறைந்தது. கேள்வி மட்டும் பிறக்கவில்லை.

விடுதியில் எனக்குப் பக்கத்து அறையில் கல்வியியல் துறையில் ஆய்வு செய்யும் அக்கா ஒருவர் இருந்தார். அன்று இரவு நான் அழுததைப் பார்த்துவிட்டு அறைக்குள் வந்தார். அலமாரியைப் பார்த்தார். ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. தன் அறைக்குப் போய்ப் பழைய கல்யாணப் பத்திரிகைகள் நாலைந்தும் கத்தரிக்கோலும் எடுத்து வந்தார். பத்திரிகைகளைச் சிறு சீட்டுகளாக வெட்டி, எழுத்தில்லாத பின்பக்கத்தை என் முன் வைத்தார். “இந்த அலமாரியில இருக்கிற முக்கியமான விஷயம் ஒவ்வொண்ணையும் ஒரு சொல்லுல எழுது. ஒரு சீட்டுக்கு ஒண்ணு. வாக்கியம் எழுதாதே.”

கண்மாய், மடை, கலுங்கு, வரத்துக்கால், ஆயக்கட்டு, நீர்பாய்ச்சி, குடிமராமத்து, கிணறு, பம்புசெட், வண்டல், கரம்பை, ஆக்கிரமிப்பு, சீமைக்கருவேலம், ஊராட்சி ஒன்றியம், பொதுப்பணித்துறை, மீன் ஏலம்… இருபத்தாறு சீட்டு வந்தது. மடை என்பது கண்மாய்த் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் வாய், ஆயக்கட்டு அந்தத் தண்ணீர் பாயும் நிலம், நீர்பாய்ச்சி அதைப் பங்கிட்டுப் பாய்ச்சும் ஊர்ப் பணியாளர்.

இந்தச் சீட்டுகளை வைத்து அக்கா வரையச் சொன்னது கருத்து வரைபடம். அந்தப் பெயரை நான் முன்பே கேட்டிருக்கிறேன், பி.எட். படித்தவர்கள் எல்லாரும் கேட்டிருப்பார்கள். நம் பள்ளிகளில் படைப்பாற்றல் கல்வி வந்தபோது பிள்ளைகள் நோட்டில் வரைந்தது மனவரைபடம். நடுவில் பாடத்தலைப்பு, அதைச் சுற்றிச் சூரியக்கதிர் போலக் கிளைகள். டோனி பூசான் என்ற ஆங்கிலேயர் 1970-களில் பரப்பிய முறை அது. நினைவில் வைக்கவும் திருப்பிப் பார்க்கவும் நல்லது. அன்றிரவு அக்கா காட்டியது அதுவல்ல. இதில் இரண்டு சீட்டுக்கு நடுவே கோடு போட்டால், கோட்டின் மேல் ஒரு சொல் எழுதியே ஆகவேண்டும். ஒரு சீட்டு, கோட்டின் மேல் உள்ள சொல், இன்னொரு சீட்டு, மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஒரு கூற்றாக வரவேண்டும். அது சரியா தவறா என்று இன்னொருவர் கேட்கும்படி இருக்கவேண்டும். வெறும் கோடு போட இடமில்லை.

இந்த முறை பிறந்த கதையை அக்கா சொன்னபோதுதான் எனக்குத் தெம்பு வந்தது. 1972-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக்கும் அவரோடிருந்த ஆய்வாளர்களும் பெரும் காகிதக் குவியலுக்கு முன் உட்கார்ந்திருந்தார்கள். முதல் இரண்டு வகுப்புக் குழந்தைகளுக்கு ஒலிநாடா வழியே அறிவியல் பாடம் நடத்தி, அதன்பின் அவர்களிடம் பேட்டி எடுத்திருந்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து, குழந்தைகள் பள்ளி முடிக்கும்வரை போன ஆய்வு அது. பேட்டிகளின் எழுத்துப்படிகள் குவிந்தன. ஒரு குழந்தையின் புரிதலில் எது மாறியது, எது மாறவில்லை என்று அந்தக் குவியலுக்குள் பார்க்க முடியவில்லை. அதனால் ஒவ்வொரு பேட்டியிலும் குழந்தை எந்தக் கருத்தை எதனோடு எப்படிச் சேர்க்கிறது என்பதை ஒரே தாளில் வரைந்து பார்த்தார்கள். கற்பவருக்கு ஏற்கெனவே தெரிந்திருப்பதன் மேல்தான் புதிதாகக் கற்பது ஒட்டுகிறது என்ற டேவிட் ஆசுபெல்லின் கொள்கை அவர்களுக்குப் பின்புலம். பின்னால் இது வகுப்பறைக்குள் போய்க் கற்பிக்கும் கருவியாகப் பேர் வாங்கியது. முதலில் பிறந்தது என்னவோ தரவுக்குள் மூழ்கிப்போன ஆய்வாளர்களின் கையில்தான். இரண்டு தட்டு நகல்களோடு உட்கார்ந்திருந்த எனக்கு இது சாதாரணச் செய்தியாகப் படவில்லை.

கோடு போட ஆரம்பித்ததும் ஒரு தடை வந்தது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தடை இருக்காது என்று நினைக்கிறேன்.

ஆங்கிலத்தில் எழுவாய், வினை, செயப்படுபொருள் என்று வரிசை போகும். சீட்டு, கோடு, சீட்டு என்ற அமைப்பில் அது அப்படியே உட்கார்ந்துவிடும். தமிழில் வினை கடைசியில் வருகிறது. போதாததற்கு வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. ‘கிணறு’ ஒரு சீட்டு, ‘நீர்பாய்ச்சி முறை’ ஒரு சீட்டு. நடுவில் ‘அழித்தது’ என்று எழுதினால் ‘கிணறு அழித்தது நீர்பாய்ச்சி முறை’ என்று வருகிறது, காதுக்கு ஒட்டவில்லை. கொஞ்ச நேரம் யோசித்து ஓர் எளிய வழி கண்டுபிடித்தேன். ‘அழித்த’ என்று எழுதினேன். ‘கிணறு அழித்த நீர்பாய்ச்சி முறை’. எவ்வளவு இயல்பாக வந்துவிட்டது! நம் பெயரெச்சம் இந்த வரைபடத்துக்கென்றே செய்து வைத்தது போல இருந்தது. மளமளவென்று போட்டேன். ‘கருவேலம் மூடிய கண்மாய்’, ‘அரசு எடுத்துக்கொண்ட குடிமராமத்து’, ‘வண்டல் அடைத்த மடை’. ஒரு மணி நேரத்தில் படம் நிறைந்துவிட்டது.

காலையில் அக்கா வந்து பார்த்தார். ஒவ்வொரு கோட்டையும் வாய்விட்டுப் படித்தார். பிறகு, “இதுல ஒண்ணுகூட வாக்கியம் இல்லையே” என்றார்.

பார்த்தேன். உண்மைதான். ‘கிணறு அழித்த நீர்பாய்ச்சி முறை’ என்று சொன்னால், கிணறுதான் அழித்தது என்பதை நானும் கேட்பவரும் முன்கூட்டியே ஒத்துக்கொண்டுவிடுகிறோம். அதை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், அடுத்து என்ன என்றுதான் காத்திருப்பார்கள். ‘கிணறு நீர்பாய்ச்சி முறையை அழித்தது’ என்று முற்றாகச் சொல்லிப் பாருங்கள். உடனே எதிரில் இருப்பவர் கேட்பார்: அழித்ததா? எந்த ஊரில்? எந்த வருஷம்? கிணறே இல்லாத ஊரில் நீர்பாய்ச்சி இன்னும் இருக்கிறாரா? எச்சம் கூற்றை ஒளித்து வைக்கிறது. முற்று அதை வெளியே கொண்டுவந்து நிறுத்துகிறது.

அந்தக் கண்ணோடு என் தலைப்பைத் திரும்பப் பார்த்தேன். ‘அழிவு’. தொழிற்பெயர். அதற்கு எழுவாய் தேவையில்லை, காலமும் தேவையில்லை. கண்மாய் அழிந்ததா, யாராவது அழித்தார்களா? தன்வினையா பிறவினையா என்றே சொல்லாமல் பதினொரு மாதம் ஓட்டியிருக்கிறேன். ‘மீட்பு’ என்பதும் அதே கதைதான். நம் ஆய்வேட்டுத் தலைப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. நிலை, வளர்ச்சி, தாக்கம், பங்களிப்பு. வினையை உள்ளே வைத்துத் தைத்துவிட்ட சொற்கள். இதை நான் குறையாகவே சொல்கிறேன். இந்தச் சொற்களில் தொடங்கும் மாணவர் தன் கேள்வியைத் தானே மறைத்துக்கொண்டு தொடங்குகிறார்.

படத்தைக் கலைத்துவிட்டு மறுபடி வைத்தேன். இந்த முறை கோட்டின் மேல் முற்றுவினை மட்டும். எந்தச் சீட்டோடு உருபு சேரவேண்டுமோ அந்தச் சீட்டை ஒட்டிச் சின்னதாக ஐ, ஆல், கு, இல் என்று எழுதிக்கொண்டேன். படிக்கும்போது கண் முதல் சீட்டிலிருந்து இரண்டாவதற்குப் போய், திரும்பிக் கோட்டின் மேல் உள்ள வினையில் வந்து நிற்கும். இரண்டு நாளில் பழகிவிடும். தமிழில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே நுட்பம் இதுதான், என் அனுபவத்தில் இது போதும்.

இன்னொன்றும் செய்தேன். ஆவணம் இருக்கும் கோட்டுக்கு நீல மை. நான் நம்புகிறேன், ஆனால் ஆதாரம் கையில் இல்லை என்றால் பென்சில். என்ன வினை போடுவது என்றே தெரியாவிட்டால் கோட்டை மட்டும் போட்டுவிட்டு மேலே வெறுமையாக விட்டேன். வெறுங்கோடு கூடாது என்ற விதியை இங்கே வேண்டுமென்றே மீறினேன்.

நீலத்தில் வந்தவை எளிது. 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டுள்ள கண்மாயைப் பொதுப்பணித்துறை பார்க்கிறது, இப்போது நீர்வளத்துறை. குறைந்ததை ஊராட்சி ஒன்றியம் பார்க்கிறது. 1960-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் நிகரப் பாசனப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏரி, கண்மாய்ப் பாசனம். இன்று பாதிக்கு மேல் கிணற்றுப் பாசனம். இவையெல்லாம் அரசு அறிக்கைகளிலேயே இருக்கின்றன, மறுக்க ஆளில்லை. நான் புதிதாகச் சொல்ல அதில் எதுவும் இல்லை.

மொத்தம் முப்பத்து நான்கு கோடுகள். நீலம் பதினைந்து, பென்சில் பன்னிரண்டு, வெறுமை ஏழு. பதினொரு மாதத்து உழைப்பில் பாதிக்கு மேல் எனக்கு உண்மையில் தெரியாது என்பது ஒரு தாளில் தெரிந்துவிட்டது. அது வருத்தமாக இல்லை. ஆய்வுக்குழுவில் கேட்ட கேள்விக்குப் பதில் அந்த ஏழில் ஒன்று என்று பட்டது.

ஏழில் எதை எடுப்பது? நோவாக் வழியினர் வரைபடத்துக்கு முதலிலேயே ஒரு மையக்கேள்வி வேண்டும் என்பார்கள். என்னிடம் அது இல்லாததால்தான் வரையவே உட்கார்ந்தேன், ஆகவே தலைகீழாகப் போனேன். வெறுங்கோட்டின் இரண்டு முனையிலும் உள்ள சீட்டுகளுக்கு வேறு எத்தனை கோடுகள் வருகின்றன என்று எண்ணினேன். ‘மீன் ஏலம்’ ஒரு மூலையில் ஒற்றைக் கோட்டோடு தொங்கியது. ‘கிணறு’ சீட்டுக்கு எட்டு. ‘மடை’ சீட்டுக்கு ஏழு. இரண்டுக்கும் நடுவில் ஓடிய கோட்டின் மேல் மட்டும் ஒன்றுமில்லை. கிணறு மடையை என்ன செய்கிறது? இத்தனை நகல்களிலும் அதற்கு ஒரு வினைச்சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

பெரிய கருத்து மேலே, சிறியது கீழே என்ற படிநிலை விதியையும் நான் பின்பற்றவில்லை. பின்பற்றியபோது ‘நீர் மேலாண்மை’ என்ற சீட்டு உச்சியில் போய் உட்கார்ந்தது. அதிலிருந்து இறங்கிய கோடுகள் எல்லாவற்றிலும் ‘உள்ளடக்கியது’ என்ற ஒரே வினை. எல்லாக் கோட்டுக்கும் ஒரே வினை வந்தால் அந்தச் சீட்டு வெறும் தலைப்பு என்று பொருள். அதை எடுத்துவிட்டேன்.

வினைச்சொல்லைத் தேடி ஊருக்குப் போனேன். சிவகங்கை வட்டத்தில் ஒரு மானாவாரிக் கண்மாய், ஆற்றுத் தொடர்பு இல்லாதது, மழையை நம்பியது. அந்த ஊரில் முன்பு நீர்பாய்ச்சியாக இருந்த பெரியவரைக் கரையில் உட்கார வைத்துப் பேசினேன். கண்மாய் கால்வாசிதான் நிறைந்திருந்தது. அக்கரையில் வெள்ளைக் கொக்குகள்.

“கிணறு வந்ததாலதான் உங்க வேலை போச்சா ஐயா?” என் பென்சில் கோட்டைத்தான் கேள்வியாக்கியிருந்தேன்.

“அப்படிச் சொல்ல முடியாது தாயி. கிணத்துக்காரனுக்கும் கம்மாத் தண்ணி வேணுமில்ல? கம்மாயில தண்ணி நின்னாத்தானே அவன் கிணத்துல ஊத்து ஏறும். மடையைத் தொறந்து விட்டுட்டா தண்ணி வயலுக்குப் போயிரும். அவனுக்கு என்ன மிஞ்சும்?”

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். கிணறு வந்ததும் கண்மாய் தேவையில்லாமல் போயிற்று என்றுதான் நானும் நினைத்திருந்தேன், படித்ததும் அதுதான். அவர் சொன்னது வேறு. கிணற்றுக்குக் கண்மாய் தேவை, மூடிய மடையோடு தேவை. வயலுக்கும் கண்மாய் தேவை, திறந்த மடையோடு தேவை. கண்மாய் நிறைந்த ஆண்டில் இரண்டு பேருக்கும் கிடைக்கும். கால் கண்மாய், அரைக் கண்மாய் வந்த ஆண்டில்தான் மடை யார் சொல் கேட்கிறது என்ற கேள்வி எழும்.

பெரியவர் பழைய நடைமுறையைச் சொன்னார். தண்ணீர் குறைந்த ஆண்டில் யாரும் தன் வயலுக்குத் தானே பாய்ச்சக்கூடாது. நீர்பாய்ச்சிதான் மடை திறப்பார், வயல் வயலாக வரிசைப்படி பாய்ச்சுவார். அறுவடையில் களத்து நெல் கூலி. அவருக்கு அந்த ஆயக்கட்டில் ஒரு குழிகூட நிலம் இல்லை. நிலம் இல்லாததால் பாரபட்சம் இல்லை என்று ஊர் சொன்னது. பல ஊர்களில் இந்தப் பொறுப்பு தலித் குடும்பங்களிடம் பரம்பரையாக இருந்தது. ஊரின் தண்ணீரைப் பங்கிட்டவருக்கு அந்தத் தண்ணீரில் பங்கில்லை. என் இருபத்தாறு சீட்டில் ‘சாதி’ என்ற சீட்டு இல்லை. பேருந்தில் திரும்பி வரும்போதே டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். அன்றிரவு படத்தில் வைத்ததும் அதிலிருந்து ஐந்து கோடுகள் போயின, ஒன்று நேராகக் கிணற்றுக்கு. கிணறு வெட்ட யாருக்கு முடிந்தது, யாருக்கு முடியவில்லை?

இல்லாத சீட்டை வரைபடம் தானாகக் காட்டாது. நமக்குத் தெரிந்ததைத்தான் அது ஒழுங்கு செய்யும். அதனால் வீட்டுக்குள் வரைந்ததை வெளியில் கொண்டுபோய்க் காட்டுவது கட்டாயம் என்று நினைக்கிறேன். நெறியாளரிடமும் காட்டலாம், கண்மாய்க்கரையில் இருப்பவரிடமும் காட்டலாம். எனக்குக் கரையில்தான் கூடுதலாகக் கிடைத்தது.

தலைப்பு அந்த வாரமே முடிவாகிவிட்டது: ‘பற்றாக்குறை ஆண்டுகளில் மடைதிறப்பு முடிவுகள்: சிவகங்கை வட்டத்தின் நான்கு மானாவாரிக் கண்மாய்கள்’. கேள்வி ஒரே வரி. கண்மாய் நிறையாத ஆண்டில் மடையைத் திறப்பதா மூடுவதா என்று யார் முடிவு செய்கிறார், எதை வைத்து அது அவர் முடிவாகிறது? ‘ஓர் ஆய்வு’ போய்விட்டது. ‘முடிவுகள்’ இன்னும் பெயர்ச்சொல்தான், ஆனால் அதற்குள் இருக்கும் எழுவாயைத் தேடுவதுதான் இப்போது வேலை.

அதன்பின் படிப்பும் எளிதானது. ஒரு கட்டுரையைப் படித்தால், என் படத்தில் எந்தக் கோட்டைப் பற்றி இது பேசுகிறது என்று பார்ப்பேன். நீலமாக்குகிறதா, மறுக்கிறதா, புதுக்கோடு தருகிறதா? எதுவும் இல்லையென்றால் மூடி வைத்துவிடுவேன். தேடுவதற்குச் சீட்டுகளே சொற்பட்டியல் ஆயின. ஒரு சீட்டின் பின்னால் அதன் மற்றப் பெயர்களையும் எழுதி வைத்தேன். எங்கள் பக்கம் கண்மாய், வடக்கே ஏரி, நெல்லைப் பக்கம் குளம். நீர்பாய்ச்சி, நீர்க்கட்டி, மடைக்குடும்பர் என்று ஊருக்கொரு பெயர். கண்மாய் என்று மட்டும் தேடியபோது பாதி தமிழ்நாடு எனக்குத் தட்டுப்படாமல் இருந்திருக்கிறது.

கடினமான பகுதி வேறு. சீமைக்கருவேலம், ஆக்கிரமிப்பு, 2007-ஆம் ஆண்டின் ஏரிப் பாதுகாப்புச் சட்டம், பெரியாறு அணை, எல்லாச் சீட்டையும் எடுக்க வேண்டியிருந்தது. அணை பற்றி மட்டும் நாற்பது பக்கம் குறிப்பெடுத்திருந்தேன். ஆனால் என் நான்கு கண்மாய்க்கும் பெரியாற்றுத் தண்ணீர் வராது. அந்த நகல்களைத் துணிப்பையில் கட்டி அலமாரிக்கு மேலே வைத்தபோது கை தயங்கியது. அவை வீண் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. இந்தக் கேள்விக்கு அவை வேண்டாம், அவ்வளவுதான். படத்தை மாற்றும்போதெல்லாம் கலைக்கும் முன் தேதி போட்டுப் படமெடுத்து வைத்தேன். ஏழு படங்கள் இருக்கின்றன. ஆய்வேட்டின் முறையியல் இயல் எழுதும்போது, ஏன் இதை விட்டேன், ஏன் அதை எடுத்தேன் என்பதற்கு அந்த ஏழும்தான் சாட்சி.

ஏழாவது படத்தை எடுத்துக்கொண்டு பெரியவரிடம் மறுபடி போனேன். அவருக்கு எழுத்து வாசிக்க வராது. கரையில் துண்டை விரித்து அதன் மேல் சீட்டுகளைப் பரப்பி, காற்றுக்குக் கல் வைத்து, ஒவ்வொரு கோடாக வாசித்துக் காட்டினேன். பல இடத்தில் தலையசைத்தார். இரண்டு இடத்தில் “அது பக்கத்து ஊர் வழக்கம்” என்றார். கிணற்றுக்கும் மடைக்கும் நடுவில் இருந்த கோட்டுக்கு வந்தேன். வெகுநாள் வெறுமையாகக் கிடந்த இடத்தில் இப்போது பென்சிலில் எழுதியிருந்தேன்.

“கிணற்றுக்காரர் மடையை மூடச் சொல்கிறார்.”

கை காட்டி நிறுத்தினார்.

“சொல்றது எங்க தாயி? யாருகிட்டச் சொல்லணும்? நான் இருந்த காலத்துல எங்கிட்டச் சொல்லுவாங்க, ஊர்க்கூட்டத்துல சொல்லுவாங்க. இப்ப ராத்திரியோட ராத்திரியா மண்மூட்டையைப் போட்டு அடைச்சிட்டுப் போயிர்றாங்க. காலையில பாத்தா மடை மூடிக் கிடக்கு.”

பென்சிலைத் திருப்பி, ‘மூடச் சொல்கிறார்’ என்பதை அழித்தேன்.